பானு பிடித்த தப்பு

என் பெண்டாட்டியின் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வயிறு எரிகிற ஆள் இல்லை நான். கூடப் படித்தவர்கள் அமெரிக்கா போனபோதும் அசரவில்லை. ஒரே வீட்டில், ஒரே குக்கரில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறவள் மேல்தான் எரிகிறது.

எங்கள் இருவருக்கும் வேலை புனேயில், ஹடப்சர் பக்கம், ஒரே ஆபீஸில், ஒரே மாடியில். மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதி வைப்பது எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அதற்குச் சார்ட் என்று பெயர். அதைப் படித்து, வந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். எங்கள் டீமுக்கு எலும்பும் மூட்டும். மூட்டுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது வீங்கினாலோ தடித்தாலோ வருகிற சார்ட்டுகளுக்கு ஆபீஸில் கடைசி வார்த்தை என்னுடையது. சினோவைட்டிஸ் என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு டாக்டர் காபி குடிக்கப் போய்விடுவார். எந்த மூட்டு, வலதா இடதா, கிருமியால் வந்ததா, குழந்தைகளுக்கு இடுப்பில் வந்து தானாகவே போய்விடுகிற வகையா என்றெல்லாம் தோண்டிப் பார்த்துச் சரியான எண்ணைப் போடுகிறவன் நான். ஒரு முழங்காலையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் இந்தச் சூர்யநாராயணன் பார்த்த முழங்கால்களை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

பானுவை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததும் நானே. அவள் மயிலாடுதுறையில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்தவள். என் அப்பாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கிர்கீயில் ராணுவத் தொழிற்சாலையில் சேர்ந்து அப்படியே தங்கிவிட்டார். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயில். எங்கள் பெண் வைஷு பெரிய வகுப்புக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிறது என்று பானு சொன்னாள். சரி, நம் வேலையையே சொல்லிக்கொடுப்போம் என்று ஆரம்பித்தேன். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, எண்கள் இருக்கிற கோட் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பாள். நான் சொல்லச் சொல்லக் கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

பரீட்சையில் பாஸ் செய்தாள். ஆபீஸில் சேர்ந்தாள். எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். அதோடு என் நிம்மதி போயிற்று.

ஆபீஸில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவது போல அவளும் "சூர்யா சர்" என்றுதான் கூப்பிடுவாள். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பார்த்தால், கூப்பிடுவதே குறைந்துகொண்டு வந்தது. சந்தேகம் வந்தால் தானே புத்தகத்தைப் புரட்டினாள். கேன்டீனில் போஹா சாப்பிடும்போது அவளைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேனேஜர் ரோஹிணி மேடத்துடன் மராத்தியில் பேச ஆரம்பித்தாள். கேட்டுக்கொள்ளுங்கள், மராத்தியில். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற எனக்கு ரிக்‌ஷாக்காரனிடம் சண்டை போடும் அளவுக்குத்தான் மராத்தி வரும். இவள் மேடத்திடம் வாங்கிபாத் செய்முறை கேட்கிறாள், மாமியார் கதை பேசுகிறாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, அமெரிக்கக் கிழவர் ஒருவரின் இடது முழங்காலை வெறித்துக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் டீமின் ஆடிட்டர் வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் போனார். ஆடிட்டர் என்றால் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. மற்றவர்கள் போட்ட எண்களில் தப்பு பிடிக்கிறவர். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்தேன், ஆபீஸே நினைத்தது. விண்ணப்பித்தேன். பானுவும் விண்ணப்பித்தாள். "சும்மா போட்டு வைக்கிறேன், நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்க" என்றாள். நானும் பெரிய மனதோடு "போடு போடு" என்றேன். மேடம் பானுவைக் கூப்பிட்டு, மூன்று மாதம் ஆடிட் செய்து பார், சரியாக வந்தால் இடம் உனக்கே என்று சொல்லிவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னேன். சொன்ன வாய் அன்றைக்கு முழுக்க வலித்தது.

வைஷுவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். சமயத்தில் மட்டும் சரளமாக வந்துவிடும். "அப்பா, அம்மா இப்போ உன் பாஸா?" என்று கேட்டாள்.

"பாஸ் இல்லடி. என் வேலைய அம்மா செக் பண்ணுவா."

"மத்லப், பாஸ்" என்றாள். அப்படியென்றால் பாஸ்தான் என்று இந்தியில் தீர்ப்பு.

இப்படியாக என் சார்ட்டுகள் என் பெண்டாட்டியிடம் போக ஆரம்பித்தன. நான் எண் போட்டு முடித்தவற்றில் சிலதை எடுத்து அவள் சரி பார்ப்பாள். மறுநாள் காலை முடிவு வரும். தப்பு எதுவும் இல்லை என்று வரும். அதுவும் எரிந்தது. தப்பில்லை என்று சொல்ல இவள் யார் என்று தோன்றும். மற்றவர்களிடம் அவள் பிடித்த தப்புகளையும் நான் விடுவதில்லை; யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன். எல்லாம் நியாயமான தப்புகள். சந்தானம் போட்ட ஒரு சார்ட்டில், டாக்டர் "இருக்கலாம்" என்று எழுதியதை அவன் "இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு இடுப்புச் சவ்வு வீக்கத்துக்கான எண்ணைப் போட்டிருந்தான். கிளினிக் சார்ட்டில் அப்படிச் செய்யக் கூடாது; சந்தேகத்துக்கு எண் கிடையாது, இடுப்பு வலி என்றுதான் போட வேண்டும். பானு அழகாகப் பிடித்து, நோகாமல் எழுதியிருந்தாள். சந்தானம் அவளிடம் போய் நன்றி வேறு சொன்னான். என்னிடம் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவனும் நன்றி சொன்னதில்லை.

அவள் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மூன்று மாதம் முடிவதற்குள், எல்லார் முன்னாலும், ஒரே ஒரு தடவை. சாமி கும்பிடும்போது கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் வந்தது. எங்கள் தொழிலில் வருஷப் பிறப்பு அக்டோபர் முதல் தேதி. அன்றைக்குத்தான் புதிய எண்கள் நடப்புக்கு வரும். அந்த வருஷம் எங்கள் சவ்வு வீக்கத்திலேயே கை வைத்திருந்தார்கள். அதுவரை, வகை தெரியாத சினோவைட்டிஸ் என்றால் எந்த மூட்டாக இருந்தாலும் ஒரே எண். இனிமேல் அந்த ஒன்று செல்லாது. தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, அதிலும் வலது வேறு இடது வேறு என்று பிரித்துவிட்டார்கள். எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு படித்தோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சார்ட்டை நாம் எப்போது திறக்கிறோம் என்பது கணக்கில்லை. டாக்டர் நோயாளியைப் பார்த்த தேதிதான் கணக்கு. செப்டம்பரில் பார்த்த முழங்கால், தீபாவளிக்கு நம் கைக்கு வந்தாலும் அதற்குப் பழைய எண்தான்.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, என் சார்ட் ஒன்றில் சிவப்புக் குறி இருந்தது. வலது முழங்கால், வகை சொல்லப்படாத சினோவைட்டிஸ். நான் பழைய எண்ணைப் போட்டிருந்தேன். அது இப்போது செல்லாது, புதிய எண்ணைப் போடவும் என்று பானு எழுதியிருந்தாள்.

எனக்கு முதலில் காது சூடாயிற்று. பிறகு தேதியைப் பார்த்தேன். டாக்டர் அந்த நோயாளியைப் பார்த்தது செப்டம்பர் கடைசியில். நான் போட்டதுதான் சரி. பானு தேதியைப் பார்க்கவில்லை.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்ல? வைஷு பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து சொன்னாளே, அதற்கு அடுத்தபடி இதைத்தான் சொல்ல வேண்டும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு முறை தேதியைப் பார்த்தேன். செப்டம்பர்தான்.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிட்டர் தப்பாகக் குறி போட்டுவிட்டால், முதலில் அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆபீஸ் சாட்டில் ஒரு வரி அனுப்புவோம். "தேதியைப் பாருங்கள்" என்றால் போதும். அவர் சத்தமில்லாமல் குறியை எடுத்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் ரிபட்டல், அதாவது எழுத்தில் மறுப்பு. அது மேடத்துக்குப் போகும், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெரிய திரையில் போட்டுப் பேசுவார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பானுவே ஆரம்பித்தாள். "நேத்து உங்க சார்ட்ல ஒண்ணு மார்க் பண்ணியிருக்கேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கோவமா?"

"எதுக்குக் கோவம்? வேலைதானே."

"இல்ல, மார்க் பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கலாமான்னு நினைச்சேன். மத்தவங்ககிட்ட கேக்கறதில்லையே, அப்புறம் உங்களுக்கு மட்டும் கேட்டா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"செஞ்சது கரெக்ட்" என்றேன்.

தேதியைப் பார் என்று இரண்டு வார்த்தை. சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னொரு அப்பளம் போடு என்று சொன்னேன். போட்டாள்.

காலையில் ஆபீஸ் போனதும் சாட் பக்கமே போகவில்லை. நேராக ரிபட்டல் போட்டேன்.

கூட்டத்தில் ரோஹிணி மேடம், நான், பானு, சந்தானம், இம்ரான், இன்னும் இரண்டு மூன்று பேர். இம்ரான் எங்கள் டீமில் வயதில் சின்னவன், சுறுசுறுப்பானவன். மேடம் என் சார்ட்டைத் திரையில் போட்டு, "சூர்யா, சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். விதியை எடுத்துப் படித்தேன். செப்டம்பர் தேதியைச் சுட்டிக் காட்டினேன். புதிய எண்கள் நடப்புக்கு வந்த தேதியைக் காட்டினேன். ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயத்தை நிறுத்தி நிதானமாக, ஆடிட்டர் என்றால் முதலில் தேதியைப் பார்ப்பது அடிப்படை என்பது வரைக்கும் இழுத்தேன். பானுவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

அவள் திரையில் இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தப்பு. நான் தேதியைப் பார்க்கவில்லை. சர் போட்டதுதான் சரி" என்று மராத்தியில் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். சாக்குப் போக்கு இல்லை, குரல் தடுமாறவில்லை. குறியை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டாள்.

நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் கையிலேயே நின்றன. அவள் மறுத்தால் என்ன சொல்வது என்று குளிக்கும்போது ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தேன். மறுக்கவே இல்லை. இம்ரான் என்னைப் பார்த்து, கள்ளம் இல்லாமல், "சர், சாட்ல ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?" என்று கேட்டான். சந்தானம் பேனாவை மூடி மூடித் திறந்தான். ஜெயித்தவன் நான். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேடம் என்னை இருக்கச் சொன்னார். இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினார். "வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன். பானுவை ஆடிட்டராக உறுதி செய்கிறேன்."

"இப்போது பார்த்த பிறகுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"இப்போது பார்த்ததால்தான்" என்றார். "தப்பு எல்லாரும் செய்வார்கள். உங்களுக்குப் பழைய ஆடிட்டர் போட்ட ஒவ்வொரு குறிக்கும் நீங்கள் ரிபட்டல் போட்டிருக்கிறீர்கள். ஒன்றைக்கூட விட்டதில்லை. பாதிக்கு மேல் நீங்கள்தான் தப்பு. என் தப்பு என்று உங்கள் வாயிலிருந்து நான் இதுவரை கேட்டதில்லை. நாளைக்கு நீங்கள் ஆடிட்டராகி, இம்ரான் வந்து நீங்கள் தப்பு சர் என்று சொன்னால் அவன் கதி என்ன?"

"நான் கேட்டுக்கொள்வேன்."

மேடம் சிரித்தார். சிரிப்பில் விஷமம் இல்லை. அதனால் இன்னும் அதிகமாகக் குத்தியது. "உங்கள் வேலையில் குறை இல்லை, சூர்யா. இந்த டீமில் மூட்டு என்றால் நீங்கள்தான். ஆனால் அவள் மூன்று வாக்கியத்தில் முடித்ததைப் பார்த்தீர்களா?" என்றார்.

பார்த்தேன். அதைப் பார்க்க எல்லாருக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தவனே நான்தானே. நான் பேசாமல் சாட்டில் ஒரு வரி அனுப்பியிருந்தால் மேடம் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். என் கையாலேயே தாம்பாளத்தில் வைத்து அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் அவள் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தேன். கத்தரிக்காய் பொரியல். ருசியாக வேறு இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

சாயங்காலம் வழக்கம் போல ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினோம். அவள் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காடிதள் சிக்னல் பக்கம் வந்தபோது பஸ், ரிக்‌ஷா, டெம்போ எல்லாம் ஒன்றோடொன்று சிக்கி நின்றன. காலை ஊன்றிக்கொண்டு நானும் நின்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நான் ஒத்துக்கிட்டேன். ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன். உங்க சார்ட் எனக்கு வேண்டாம். இம்ரான பாக்கச் சொல்லியிருக்கேன்."

"இம்ரானா? வலது முழங்கால் எது இடது முழங்கால் எதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அவன் பாக்கட்டும்."

"ரிபட்டல் போட்டேன்னு கோவமா?"

"கோவம்தான். நேத்து சாப்பிடும்போதே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. அந்தக் கோவம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனா கண்டிஷன் அதுக்கில்ல."

முன்னால் இருந்த ரிக்‌ஷா ஒரு அடி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். அவளுக்கு என் முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்ததோ என்னவோ, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்தச் சார்ட்ல உங்க பேரப் பாத்தேன். கீழ பழைய நம்பர். சூர்யா சர் தப்புப் பண்ணிட்டாருன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷத்துலதான் தேதியப் பாக்கல. வேற யாரோட சார்ட்டா இருந்தாலும் பாத்திருப்பேன். உங்க சார்ட்ட என்னால நேர்மையா பாக்க முடியாது. அதான் வேண்டாம்னுட்டேன்."

இந்த வியாதி வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் நெஞ்சு லேசாயிற்று. இன்னொரு பக்கம், என் தப்பைப் பார்த்து இவள் சந்தோஷப்பட்டாளா என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்படிப் பற்றிக்கொண்டு வர எனக்கு என்ன யோக்கியதை என்று யோசிக்கவே தோன்றவில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, அப்பலேருந்தே. எல்லாம் தெரிஞ்சவர் மாதிரி மூஞ்சிய வச்சுக்குவீங்க. ஒரு நாள் இவர மடக்கிடணும்னு நினைச்சுக்கிட்டேதான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

கண்ணைக் கொட்டாமல் பார்த்தது இதற்காகத்தான். ஆடிட்டர் இடம் போனபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. என்னிடம் இருந்த நல்ல நாட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் டெம்போக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். இந்த ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"எனக்கு இன்னும் எரியுது, பானு. அந்த எடம் உனக்குக் கெடைச்சது எனக்குப் பிடிக்கல."

"தெரியும்" என்றாள். "நீங்க இன்னிக்கு சரியா இருந்தது எனக்கும் பிடிக்கல."